எதிர் டென்டில் குழல் ஊதியவர்

களிமண்:
ஆர்ட் ஃபேர் (கலைஞர்கள் தெருவில் டென்ட் போட்டு விற்கும் சந்தை) நடத்துகிறவர்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒருத்தருக்கும் ஒன்றுமே இல்லையா என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு இருக்கிறது. ஆனால் அது சண்டையில் தொடங்கியது.

நான் மிச்சிகனில் இருக்கிறேன். கோப்பை, குடுவை, தட்டு என்று சக்கரத்தில் வனைந்து, கோடை முழுக்க ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கிறேன். ஆன் ஆர்பரில் 1960-லிருந்து நடக்கிறதே, அந்த மாதிரிப் பெரியது இல்லை; இது ஒரு சின்ன ஊர் ஃபேர். ஜூலை வெயில். பத்தடிக்குப் பத்தடி டென்ட். எனக்கு நேர் எதிரே ஒரு பொலிவியாக்காரர் வந்து நின்றார். நாணல் குழாய்களை வரிசையாகக் கட்டிய குழல், பின்னால் ஒரு ஸ்பீக்கர், காலடியில் பெட்டி நிறைய சிடி. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார். அதே ஏழெட்டு மெட்டு, திரும்பத் திரும்ப. மூன்று மணிக்கெல்லாம் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. அதைவிட மோசம், அவரைச் சுற்றி நின்ற கூட்டம் மொத்தமும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. என் டென்ட் வாசலே மறைந்துபோனது.

போய்ச் சத்தம் போட்டேன். அவர் பதில் பேசவில்லை. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு என் டென்டுக்குள் வந்தார், என் ஸ்டூலில் உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். "இங்கிருந்து பார்த்தால் நான் சுவர் மாதிரி இருக்கிறேன்" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விட்டார். அங்கே அதுவரை ஈ ஓட்டிக்கொண்டிருந்த மரவேலைக்காரர் சாயங்காலத்துக்குள் நாலு மரப்பெட்டி விற்றிருந்தார்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் பார்த்துக்கொள்வோம். எல்லாரும் போனில் பாட்டுக் கேட்க ஆரம்பித்ததும் சிடி வியாபாரம் படுத்துவிட்டது. விடியற்காலையில் இடம் அமைக்கிற ஆட்களோடு கூலிக்குச் சேர்ந்தார். தெருவில் சாக்பீஸால் எண் போடுவது, நாலு மணிக்கு வந்து முட்டிக்கொள்ளும் வேன்களை ஒவ்வொன்றாக உள்ளே விடுவது, தீயணைப்பு வண்டிக்கு நடுவில் இருபதடி இருக்கிறதா என்று டேப் பிடிப்பது. இப்படி நாலைந்து வருஷம். அப்புறம் லேஅவுட், அதாவது யாருக்கு எந்த இடம் என்று திட்டம் போடுவது. இன்றைக்கு இரண்டு ஃபேர் அவர் பொறுப்பில்.

அவர் லேஅவுட் போடும்போது ஒருதரம் பக்கத்தில் இருந்தேன். ஜனம் தானாக நின்றுவிடும் இடங்கள் சில உண்டு: திருப்பம், மரநிழல், காபி வண்டி. அங்கே பேர் எடுத்தவர்களைப் போடவில்லை, முதல் தடவை வருகிறவர்களைப் போட்டார். பேர் எடுத்தவனைத் தேடிக்கொண்டு போவார்களாம். நகை செய்கிற இரண்டு பேர் அடுத்தடுத்து வரவே கூடாது. வாத்தியக்காரருக்கு ஸ்பீக்கர் கிடையாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் இடம் மாற வேண்டும். இந்த விதியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான்.

மிருதங்கம்_மாமா:
அம்மா, அந்தக் குழலுக்குப் பேர் சீக்கு. சிரிக்காதீங்க, நிஜமாவே அதான் பேர். டிட்டிகாக்கா ஏரிப் பக்கத்து வாத்தியம். சுரமெல்லாம் ரெண்டு வரிசையா பிரிஞ்சிருக்கும், ஒண்ணுல ஆறு குழாய், இன்னொண்ணுல ஏழு. அவங்க ஊர்ல ஆளுக்கொரு வரிசைதான் வாசிப்பாங்க. இவர் ஒரு சுரம் விட்டா அவர் அடுத்ததை எடுக்கணும். பக்கத்து ஆள் எப்ப நிறுத்துவார்னு காதைத் தீட்டிட்டே வளர்ந்தவர், அதான் உங்க ஸ்டூல்ல வந்து உட்காரத் தோணியிருக்கு.

நானும் வாத்தியத்திலேர்ந்து ஃபேர் நடத்தற பக்கம் பாதி தூரம் வந்தவன்தான். அமெரிக்காவுக்கு பி-3 (P-3) விசாவிலே வந்தேன், பாரம்பரியக் கலைஞர்களுக்குக் குடுக்கறது. மனுவிலே எழுதின கச்சேரி, வகுப்பு தவிர வேற எதுக்கும் காசு வாங்கக் கூடாது. டென்ட் தூக்கற கூலி உட்பட. கிரீன் கார்டு வந்தப்புறம்தான் உள்ளூர் ஓவியர்கள் நடத்தற ஃபேர்ல ஒட்டிக்கிட்டேன். மேடையிலே பாட்டுப் பாட வைக்கணும்னா பாட்டு எழுதினவங்களுக்காக உரிமக் காசு வசூலிக்கற ஆஸ்கேப், பிஎம்ஐ ரெண்டு இடத்துலயும் உரிமம் வாங்கணுமேன்னு கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியலை. அன்னிக்கே கமிட்டியிலே நாற்காலி போட்டுட்டாங்க. (தியாகராஜருக்கு உரிமம் வேண்டாம், அவர் 1847-லேயே போய்ட்டார்.)

பனிக்குருவி:
எனக்கு நடந்தது வேற மாதிரி. நான் டொரன்டோ. இஞ்ச 1961ல ஒரு மோட்டல் கார் பார்க்கில தொடங்கின வெளியரங்கக் கண்காட்சி இப்ப நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில நடக்குது, அதைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. அவ்வளவு பெரிசுக்குப் போகப் பயம், ஒரு சின்ன ஃபேருக்கு என்ர பத்திக் (மெழுகு வைச்சுச் சாயம் போடுற) துணியளின்ர படங்களை அனுப்பி விண்ணப்பம் போட்டன். நடத்தினவர் முந்தி அக்கோர்டியன் வாசிச்சவர், இவரும் வெளிநாட்டில இருந்து வந்தவர்தான். எடுபடேல்லை. விண்ணப்பத்துக்குக் கட்டின காசும் திரும்பி வரேல்லை.

கோவத்தில போன் அடிச்சுக் கேட்டன். ஆறுதலாத்தான் சொன்னவர். ஆரை எடுக்கிறது எண்டு தீர்மானிக்கிற நடுவர்மாருக்குப் பேர் தெரியாது, படங்களைச் சில விநாடிதான் பாப்பினமாம். "உங்கட நாலு படமும் நாலு பேர் பாடின மாதிரி இருக்கு. ஒரு குரலா அனுப்புங்கோ. கூடாரத்தின்ர படத்தில உங்கட பிள்ளை நிக்குது, அதையும் எடுங்கோ." அடுத்த வருஷம் நீலச்சாயத் துணி மட்டும் அனுப்பினன், எடுபட்டது. எண்டாலும் அந்தக் காசை நினைச்சா இப்பவும் கோவம்தான் வருது.

களிமண்:
@பனிக்குருவி அந்தக் காசு எங்கேயுமே திரும்பி வராது தங்கச்சி, நானும் எத்தனையோ அழுதிருக்கிறேன்.

மாமா காது என்று சொன்னதும் ஒன்று ஞாபகம் வந்தது. டென்டின் ஒவ்வொரு காலிலும் 40 பவுண்டு எடை கட்ட வேண்டும் என்பது விதி. நாங்கள் பிவிசி பைப்பில் கான்கிரீட் ஊற்றிக் கட்டுவோம். போன வருஷம் காலையில் அந்தப் பொலிவியாக்காரர் வரிசையாகப் போய்க்கொண்டே ஒவ்வொரு பைப்பையும் விரல் முட்டியால் தட்டினார். என்னுடைய மூன்றாவது பைப்பில் நின்றார், திரும்பத் தட்டினார். டொக் என்றது. மற்றது மூன்றும் டப் டப். கான்கிரீட் தீர்ந்துபோய் அதைப் பாதியில் விட்டு மூடியை ஒட்டியது நான்தான், வெளியே தெரியாது என்று நினைத்திருந்தேன். ஒன்றும் கேட்காமல் இரண்டு மணல் மூட்டை கொண்டுவரச் சொன்னார்.

நாலு மணிக்குக் காற்று அடித்தது. இரண்டு வரிசை தள்ளி ஒரு டென்ட் கவிழ்ந்தது. என்னுடையது அசையவில்லை. கோப்பை இரண்டு உடைந்தது, அது பயத்தில் நானே கையால் தட்டிவிட்டது.