19 நாள் பிரதமர் ஏர்ல் பேஜ்: ஊர் டாக்டருக்கு அவ்வளவு செல்வாக்கு எப்படி வந்தது?

நூலகத்தூண்:
ஆஸ்திரேலியாவில் கிராஃப்டன் வட்டாரத்து அறுவைச் சிகிச்சை டாக்டர் ஏர்ல் பேஜ். 1919 தேர்தலில் கௌப்பர் தொகுதியில் ஜெயித்தவர், 1923 பிப்ரவரியில் நிதி அமைச்சர். கட்சியோ சின்னது. எப்படி? சுகாதாரத் துறையில் உருப்படியாக ஏதாவது செய்தாரா?

கொறடா:
எல்லாம் எண்ணிக்கைதான். 1922 தேர்தலில் 75 இடங்களில் அவருடைய கன்ட்ரி பார்ட்டிக்கு (கிராமப்புற விவசாயிகளின் கட்சி) 14. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அப்போதைய பிரதமர் பில்லி ஹியூஸ் பதவியில் நீடித்தால் கூட்டணியில் சேரமாட்டோம் என்றார் பேஜ். ஹியூஸ் விலகி ஸ்டான்லி புரூஸ் வந்தார். பேரத்தில் கிடைத்தது: 11 பேர் அமைச்சரவையில் 5 இடம், பேஜுக்கு நிதி இலாகா, பிரதமருக்கு அடுத்த வரிசை. வெளியிலிருந்து ஆதரவு என்று நின்றிருந்தால் இதில் பாதிகூடத் தேறியிருக்காது.

நிதியில் அவர் பெயர் நிற்பது கடன் கவுன்சிலால்: மத்திய அரசும் மாநிலங்களும் கடன் வாங்குவதை ஒன்றாக முடிவு செய்யும் அமைப்பு. மாநிலங்கள் தனித்தனியாகக் கடன் சந்தைக்குப் போய்ப் போட்டி போட்டால் வட்டி ஏறும். 1923இல் கவுன்சில் வெறும் இணக்கமாகத் தொடங்கியது. 1927 ஒப்பந்தத்துக்குப் பின், 1928 பொது வாக்கெடுப்பில் அரசியலமைப்பிலேயே ஏறியது.

மருந்துச்சீட்டு:
சுகாதாரம்தான் அவருடைய அசல் வேலை. முந்தைய சிஃப்லியின் லேபர் கட்சி அரசு, இலவச மருந்துத் திட்டத்தில் டாக்டர்கள் அரசுப் படிவத்தில்தான் மருந்து எழுத வேண்டும் என்றது; டாக்டர் சங்கம் ஒத்துழைக்க மறுத்தது, திட்டம் படுத்தது. 1949இல் சுகாதார அமைச்சரான பேஜ் டாக்டர்களைச் சீண்டவில்லை. 1950 செப்டம்பரில் உயிர்காக்கும் மருந்துகளை மட்டும் இலவசமாக்கினார். 1953 ஏற்பாட்டில் நோயாளி டாக்டருக்கு ஃபீஸ் கட்டுவார். ரசீதைத் தன் காப்பீட்டு நிதியத்தில் கொடுத்தால் நிதியத்தின் பங்கும் அரசின் பங்கும் சேர்ந்து திரும்ப வரும். ஆனால் ஃபீஸில் 90 சதவீதத்தைத் தாண்டாது. டாக்டரிடம் தேவையில்லாமல் போகக்கூடாது என்று மிச்சம் நோயாளியின் கையிலிருந்து.

கோளாறும் அங்கேதான். நிதியத்தில் சந்தா கட்டாதவருக்கு அரசுப் பங்கும் கிடையாது. ஓய்வூதியர்களுக்கு 1951 முதலே தனித் திட்டம் இருந்தது, அவர்களுக்காக அரசே டாக்டருக்குப் பணம் கொடுத்தது. மாட்டிக்கொண்டது ஓய்வூதியமும் இல்லாமல் சந்தாவுக்கும் வழியில்லாத குடும்பங்கள். 1975இல் எல்லோருக்குமான அரசு மருத்துவக் காப்பீடான மெடிபேங்க் வந்தது இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

நூலகத்தூண்:
அந்த 19 நாள்?

கொறடா:
1939 ஏப்ரல் 7இல் பிரதமர் ஜோ லயன்ஸ் இறந்ததும் பேஜுக்கு இடைக்காலப் பொறுப்பு. ஏப்ரல் 20 அன்று சபையில், லயன்ஸ் கட்சியின் புதுத் தலைவர் மென்ஸீஸ் முதல் உலகப் போருக்குப் போகாததைப் பேஜ் குத்திக்காட்டிப் பேசினார். சொந்தக் கட்சியிலேயே சிலர் விலகி நின்றார்கள். 26ஆம் தேதி மென்ஸீஸ் பிரதமர். செப்டம்பரில் பேஜின் கட்சித் தலைமையும் போனது. மருந்துச்சீட்டு சொன்ன 1949 சுகாதார இலாகாவைக் கொடுத்தவரும் அதே மென்ஸீஸ்தான்.