செத்தவீட்டு விருப்பத்தை உயிலில் எழுதினால் போதுமோ? (திருகோணமலை)

கேள்வி:
அப்பா சைவம், அம்மா கத்தோலிக்கம். இரண்டு பேரும் தங்களை எரிக்கச் சொல்லினம். அண்ணா கனடாவில. இதை உயிலில எழுதினால் சரியோ?

பதில் 1:
சரிவராது தங்கச்சி. அநேகமா எட்டுச் செலவு (எட்டாம் நாள் சடங்கு) முடிஞ்ச பிறகுதான் உயிலைத் தேடுவினம். 1840 ஆம் ஆண்டு 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி உயிலுக்கு நொத்தாரிசும் (உறுதி எழுதுற சட்டத்தரணி) 2 சாட்சியும் வேணும். நொத்தாரிசு இல்லையெண்டால் 5 சாட்சி. அது சொத்துக்கு இருக்கட்டும். செத்தவீட்டுக்குத் தனியா ஒரு தாள் எழுதி, திகதி போட்டு, அவையே கையெழுத்து வைக்கட்டும். பிரதி ஒண்டு கொள்ளி வைக்கிறவரிட்ட, ஒண்டு அயலில நம்பிக்கையான ஒருத்தரிட்ட. வங்கி லொக்கரில வைக்காதேங்கோ, ஞாயிற்றுக்கிழமை ஆர் திறக்கிறது?

"எளிமையாச் செய்யுங்கோ" எண்டு மட்டும் எழுதினால் அதிலதான் சண்டை தொடங்கும். பறை வேணுமோ, வெடி வேணுமோ, பெட்டி திறந்தோ மூடியோ, எத்தனை நாள் வைக்கிறது எண்டு பிரிச்சு எழுதுங்கோ. கனடாவில இருந்து வரும்வரை வைக்கிறதெண்டால் எம்பாம் பண்ணவேணும் (உடல் பழுதாகாமல் மருந்தேத்துறது), செலவும் கூடும். "2 நாளுக்குள்ள வரமுடியாட்டி காத்திருக்க வேண்டாம், கொள்ளி இன்னார்" எண்டு பெயரோட ஒரு வரி போதும்.

பதில் 2:
அம்மாவின்ர விசயத்தில ஒண்டு. எரிக்கிறதைத் திருச்சபை 1963 இல அனுமதிச்சது. ஆனால் வத்திக்கானின்ர 2016 அறிவுறுத்தலின்படி சாம்பலைக் கடலில கரைக்கவோ வீட்டில வைக்கவோ கூடாது, சேமக்காலை (கல்லறைத் தோட்டம்) மாதிரிப் புனித இடத்தில வைக்கவேணும். "கோணேசர் கடலில கரைக்கவும்" எண்டு எழுதினால் பங்குத்தந்தையோட இழுபறிதான். இப்பவே அவரோட கதையுங்கோ. அப்பாவுக்கு அந்தியேட்டி (செத்தவீட்டுக்குப் பிறகு செய்யிற கிரியை) கன்னியா வெந்நீர்க் கிணத்தடியிலயெண்டால், அங்க இப்ப என்னென்ன செய்ய விடுகினம் எண்டு ஐயரிட்ட முதலே கேளுங்கோ.

பதில் 3:
எல்லாரும் மறக்கிறது கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரியில நோயும் மருந்தும் எழுதித் தாறது. அதையும் அடையாள அட்டைப் பிரதியையும் அந்தத் தாளோட ஒரே உறையில வையுங்கோ. வீட்டில இறந்தால் கிராம அலுவலரின்ர அறிக்கையோட பதிவாளரிட்டப் போகவேணும். திடீர் மரணமெண்டால் மரண விசாரணை அதிகாரி வருவார். நோய் இருந்ததுக்கு அந்தக் கொப்பிதான் கையில இருக்கிற சான்று. அவர் உத்தரவு தரும்வரை எரிக்கேலாது, தாளில என்ன நேரம் எழுதியிருந்தாலும்.

கண்தானம் விருப்பமெண்டால் முதல் வரியிலயே எழுதுங்கோ, சில மணித்தியாலத்துக்குள்ள எடுக்கவேணும். கடைசிப் பந்தியில இருந்தால் ஆரும் வாசிச்சு முடிக்கமுதல் நேரம் போயிடும்.

கேட்டவர்:
நன்றி. கொள்ளியை நான் வைக்கலாமோ? அண்ணா வராட்டி.

பதில் 1:
வைக்கலாம், பொம்பிளைப் பிள்ளையள் வைக்கினம். ஆனால் அப்பா தன்ர கையால உங்கட பெயரை எழுதட்டும், சித்தப்பாமாருக்கு முன்னால ஒருக்கா வாயாலயும் சொல்லட்டும்.