மீன்தொட்டியோட முன்பக்கத்துல புல்வெளி மாதிரி வரட்டும்னு நடுற ஹேர்கிராஸ் (மெல்லிய நீர்ப்புல்) பழுத்துப்போன அனுபவம் யாருக்கு இருக்கு?

சாட்ஸ்வர்த்வாசி:
நட்டு இரண்டாவது வாரம், மேலே முழுக்க வைக்கோல் நிறம். செத்துப்போச்சுன்னு ஒரு கொத்தைப் பிடுங்கினா வேர் வெள்ளையா, கெட்டியா இருக்கு. அடியில 3 மி.மீ. பச்சைத் துளிர்! கடைக்கு வர்ற செடி பெரும்பாலும் தண்ணிக்கு மேலே வளர்த்தது. அந்த இலை தண்ணிக்குள்ளே தாங்காது. நடும்போதே 2–3 செ.மீ.க்கு வெட்டிடணும். கொத்துக்கு ஏழெட்டு இழை, 2 செ.மீ. இடைவெளி, இடுக்கியைச் சாய்ச்சுச் செருகணும். நேரா செருகினா இடுக்கியோடவே மேலே வந்துடும்.

லெனேசியா அண்ணன்:
எல்லாப் பழுப்பும் அது இல்ல தம்பி. 2023-ல நம்ம தென்னாப்பிரிக்காவுல நடந்த லோட்ஷெடிங், அதான் முறைவச்ச மின்வெட்டு, ஞாபகம் இருக்கா? நடுராத்திரி தொட்டி விளக்கு ஜெகஜோதியா எரியுது, புல் முழுக்க நூல்பாசி. விளக்குக்குப் போட்டது சுத்துற டைமர். கரண்ட் போனா அதுவும் நின்னுடும். ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேர வெட்டு ரெண்டு விழுந்தா விளக்கு நாலு மணி நேரம் பிந்தும், அடுத்த நாள் இன்னும் நாலு. செடிக்கு விடுற சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) கேஸோட வால்வு பேட்டரி டைமர்ல இருந்ததால கேஸ் காலையிலேயே வந்து போயிடும், வெளிச்சம் அப்புறம் தனியா எரியும். பாசிக்கு வேற என்ன வேணும்? ரெண்டுக்கும் பேட்டரி டைமர் போடுங்க. கேஸ் விளக்குக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வரட்டும், ஒரு மணி நேரம் முன்னாடியே நிக்கட்டும். பாசி அடங்கும்வரை விளக்கு ஆறு மணி நேரம் போதும்.

மாரிட்ஸ்பர்க் தொட்டி:
டர்பன் கோடையில தொட்டித் தண்ணி 29 டிகிரி போகும், சூடான தண்ணியில கேஸும் சரியா கரையாது. எதுக்கு இந்த வம்பு? நாடா மாதிரி நீள இலை விடுற வாலிஸ்னேரியா போடுங்க. கேஸ் வேண்டாம், தண்ணியில இருக்கிற பைகார்பனேட்டையே எடுத்துக்கும். தண்ணி ரொம்ப மென்மையா (தாது உப்பு கம்மியா) இருந்தா ஃபில்டர்ல கொஞ்சம் சிப்பித்தூள் வையுங்க. வேர் முடிஞ்சு இலை தொடங்குற கழுத்து மணலுக்கு மேலே தெரியணும், புதைஞ்சா அழுகிடும். வேருக்குப் பக்கத்துல உரவில்லை புதைங்க. ஓடுதண்டுல வர்ற குட்டிக்கு நாலு இலையும் சொந்த வேரும் வரும்வரை தாய்ச்செடியிலிருந்து வெட்டாதீங்க. பாசிக்குன்னு கடையில விக்கிற 'திரவ கார்பன்' மருந்து மட்டும் ஊத்திடாதீங்க. அதுல இருக்கிறது குளுட்டரால்டிஹைடு, வாலிஸ்னேரியா கூழாயிடும்.

சாட்ஸ்வர்த்வாசி:
அய்யா, முன்பக்கத்துக்குப் புல்வெளி கேட்டா ரெண்டடி உயரச் செடியைச் சொல்றீங்களே!

மாரிட்ஸ்பர்க் தொட்டி:
வெட்டிவிட்டா போச்சு.

லெனேசியா அண்ணன்:
அதான் தப்பு. வாலிஸ்னேரியாவை நடுவுல வெட்டினா வெட்டின முனை பழுத்துக்கிட்டே கீழே வரும். நீளமான வெளி இலையை அடியோட கிள்ளி எடுங்க. கத்திரி ஹேர்கிராஸுக்குத்தான். அதையும் ஃபில்டரை நிறுத்திட்டு வெட்டி, மிதக்குற இழையை வலையில அள்ளின பிறகு ஓடவிடுங்க. இல்லேன்னா உறிஞ்சுகுழாய் வாய் அடைச்சுக்கும்.