உடற்பயிற்சி முடிந்த பிறகும் கலோரி எரிகிறது என்பது எந்த அளவுக்கு உண்மை?

கேள்வி: தமிழரசி

அரை மணி நேரம் தீவிர இடைவெளிப் பயிற்சி (கடும் பயிற்சியும் சிறு ஓய்வும் மாறி மாறி வருவது) செய்தால் அடுத்த இரண்டு நாள்களுக்கு உடல் தானாகவே கொழுப்பை எரித்துக்கொண்டிருக்கும் என்று என் பயிற்சியாளர் உறுதியாகச் சொல்கிறார். பயிற்சியை முடித்து உட்கார்ந்த பிறகும் மூச்சு வாங்குவதையும், குளித்துவிட்டு வந்த பின்னரும் வியர்ப்பதையும் நானே உணர்கிறேன். ஆனால் அந்தக் கூடுதல் செலவு எவ்வளவு என்பதும், அதை நம்பி இரவு உணவைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாமா என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: முருகானந்தம்

நீங்கள் உணர்வது உண்மைதான், அம்மா. பயிற்சியின்போது தசைகளில் தீர்ந்துபோன, உடனடி ஆற்றல் தரும் கிரியேட்டின் பாஸ்பேட்டை மீண்டும் நிரப்புவதற்கும், இரத்தத்திலும் தசையிலும் குறைந்த ஆக்சிஜனை ஈடுகட்டுவதற்கும், கடும் உழைப்பில் தசைகள் சர்க்கரையை உடைக்கும்போது உண்டாகிச் சேர்ந்துவிட்ட லாக்டேட்டை அகற்றுவதற்கும் உடல் வழக்கத்தைவிட அதிக ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது; உயர்ந்த உடல் வெப்பம், இதயத் துடிப்பு, அட்ரினலின் ஆகியவை தணியும் வரையிலும் செலவு கூடுதலாகவே இருக்கும். 1920களில் ஆங்கிலேய உடலியங்கியலாளர் ஏ. வி. ஹில் இதை ஆக்சிஜன் கடன் என்று அழைத்து, பெரும்பாலும் லாக்டேட்டைக் கொண்டே விளக்கினார். லாக்டேட் இயல்பு நிலைக்குத் திரும்பிய பின்னரும் ஆக்சிஜன் நுகர்வு உயர்ந்தே இருப்பது பிற்பாடு தெரியவந்ததால், அந்த விளக்கம் மட்டும் போதாது என்றாயிற்று.

இனி அளவுக்கு வருவோம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, இந்தக் கூடுதல் செலவு பயிற்சிக்கான செலவில் சுமார் 6 முதல் 15 விழுக்காடுதான் என்கிறது. பயிற்சியில் 300 கலோரி செலவானால், பிறகு கிடைப்பது 18 முதல் 45 வரை. ஏறத்தாழ ஓர் இட்லி. இதற்காக இரவு உணவைக் கூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுமொழி: இளவேனில்

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பத்து இளைஞர்களை வளர்சிதை மாற்றத்தை, அதாவது உடல் ஆற்றலைச் செலவிடும் வேகத்தை, அளக்கும் மூடிய அறையில் இருத்தி, 45 நிமிடம் கடுமையாகச் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். அப்போது செலவான 519 கலோரிக்கு மேல், அடுத்த 14 மணி நேரத்தில் 190 கலோரி கூடுதலாகச் செலவானது. இது அந்த விழுக்காட்டைவிடப் பெரிது என்பது உண்மையே. ஆனால் அதிகபட்ச ஆக்சிஜன் நுகர்வில் (ஒருவரின் உடல் உச்ச உழைப்பில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு) 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட தீவிரத்தில் முக்கால் மணி நேரம் விடாமல் மிதிப்பது எல்லோராலும் ஆகக்கூடியதல்ல. மிதமான நடைக்கு இந்த எண்ணைப் பொருத்திப் பார்க்கவே கூடாது.

தமிழரசி

இருவருக்கும் நன்றி. எடைப் பயிற்சிக்கும் இதே கணக்குதானா, ஐயா?

மறுமொழி: முருகானந்தம்

பளு மிகுந்த எடைப் பயிற்சிக்குப் பிறகு, ஒரு நாளைத் தாண்டியும் வளர்சிதை வேகம் சற்று உயர்ந்திருந்ததாகச் சில ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. உங்கள் பயிற்சியாளரின் இரண்டு நாள் கணக்கு அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் நெடுநேரம் நீடிக்கிறது என்பதாலேயே பெருமளவு எரிகிறது என்று பொருளாகாது. முதல் ஓரிரு மணி நேரத்தில் வேகமாகத் தணிந்து, மிச்சம் மிகச் சிறிய அளவிலேயே தொடரும். எடைப் பயிற்சியைத் தசை வலுவுக்காகவே செய்யுங்கள். உணவுக் கணக்கில் பயிற்சி நேரத்துச் செலவை மட்டும் எழுதிக்கொள்வதே பாதுகாப்பானது.