ஒலிநாடாவைப் பெயர்ப்பதா, படியெடுப்பதா, நடுவதா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

திருவையாற்றில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து கிடைத்த கால் அங்குல ஒலிநாடாச் சுருள்களைக் கணினிக் கோப்புகளாக்கும் பணிக்காக, மாணவர்களுக்கு ஒரு செய்முறைக் கையேடு எழுதிவருகிறேன். திங்கட்கிழமை அது அச்சகம் போக வேண்டும். தலைப்புக்கான சொல்தான் இன்னும் அமையவில்லை. ‘எண்ணிமமாக்கம்’ என்று எழுதினால், ஓலையை ஒளிவருடுவதற்கும் அதே சொல்லாகிவிடுகிறது. நாடாவையோ, பதிந்த வேகம் நொடிக்கு 7½ அங்குலமா 3¾ அங்குலமா என்றறிந்து, நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் ஒலிமுனையின் சாய்வைச் சரிசெய்து, கச்சேரி முடியும்வரை ஓடவிட்டு, அருகிலிருந்து கேட்டே எடுக்க வேண்டும்.

மன்னார்குடி ஐயா முன்மொழிந்த ‘ஒலிப்பெயர்ப்பு’ அழகுதான். ஆனால் ஒலியைப் பெயர்ப்பது என்று விரியும் இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகாது; ஒலிபெருக்கி, ஒலிபரப்பு என்றுதானே எழுதுகிறோம்? ஒற்றை நீக்கினாலோ ‘ஒலிபெயர்ப்பு’ ஆகி, வேற்றுமொழிச் சொல்லை நம் எழுத்தில் எழுதுவதைக் குறித்துவிடும். ஒரு பகரத்தை நம்பி ஒரு கலைச்சொல்லை நிறுத்த எனக்குத் துணிவில்லை.

‘நாடா’வே தமிழன்று, ‘ஒலியிழை’ என்க என்ற கும்பகோணத்து நண்பருக்கு: துணிப்பட்டையைக் குறிக்கும் நாடா இந்துஸ்தானி வழி வந்தது என்பதை ஒப்புகிறேன். ஆயினும் உங்கள் ஊருக்கு அருகே திருபுவனத்துத் தறிகளில் ஊடைநூலைச் சுமந்து இப்புறமும் அப்புறமும் ஓடுவதும் நாடாவே. இரண்டும் ஒரே சொல்லா என்று ஆராய எனக்கு ஆசையிருக்கிறது, அச்சகத்துக்குப் பொறுமையில்லை.

எனவே ‘எண்ணிமப் படியெடுப்பு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். ஏடு பார்த்துப் படியெடுத்தவர்களும் மூலத்தை வரிவரியாகக் கடந்தே ஆக வேண்டியிருந்தது. எடுத்த பின்னும் மூலம் இருந்தது. ‘டிஜிட்டல்’ என்றாலன்றி மாணவர்களுக்குப் புரியாது என்பவர்களுக்காக, முதல் பக்கத்தில் மட்டும் அச்சொல்லையும் அருகே இடுகிறேன்.

நன்னிலத்து அம்மையாரின் ‘ஒலிநடவு’ என்னை வெகுவாகக் கவர்ந்தது. ஆனால் நாற்றைப் பறித்து நட்டால் நாற்றங்கால் வெறுமையாகிறது. இங்கே நாடாவில் ஒலி அப்படியே இருக்கிறதே!

*

அன்புள்ள ஐயா,

நாற்றங்கால் பற்றிய உங்கள் தடைக்கு நாடாவே விடை சொல்லும். சிலவகை நாடாக்களில் காந்தத்துகளைப் பிணைக்கும் பூச்சு பல்லாண்டு ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகிறது. நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை ஈரத்தைச் சொல்லவே வேண்டாம். அத்தகைய நாடா ஓடும்போதே பழுப்புப் பொடியாக உதிர்ந்து ஒலிமுனையில் அப்பிக்கொள்கிறது. ஒருமுறை ஓட்டிய பின் மறுமுறை ஓட்ட வாய்க்காமலும் போகலாம். அப்போது ‘படி’ என்று எதைச் சொல்வீர்கள், ஒப்புநோக்க மூலம் இல்லாதபோது?

*

அம்மையாருக்கு வணக்கம்.

இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. குழுவில் பெரும்பாலோர், சிலர் சலிப்பினால்தான் எனினும், ‘படியெடுப்பு’க்கு இசைந்துவிட்டதால் தலைப்பு அப்படியே போகிறது. பூச்சு உதிரும் நாடாக்களைக் கையாளும் இயலுக்கு மட்டும், தாங்கள் இசைந்தால், ‘ஒலிநடவு’ என்று பெயரிடுகிறேன். கும்பகோணத்து நண்பர் ‘ஒலியிழை’யை இன்னும் கைவிடவில்லை என்று இன்று காலையும் எழுதியிருக்கிறார்.