புதுப்பிப்பு: சேஃப்டி ரேசரால் தலையை நானே மழிப்பது

இரட்டை முனை பிளேடு போடும் பழைய பாணி ரேசரால் தலையைத் தானே மழிக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். தாராளமாக முடியும். எனக்கு இப்போது அதுதான் வழக்கம்.

முடி நீளமாக இருந்தால் முதலில் டிரிம்மர், அப்புறம் வெந்நீர், பிரஷ்ஷால் குழைத்த நுரை. பிளேடு தோலில் சுமார் 30 டிகிரி சாய்வில் படவேண்டும். அழுத்தவே வேண்டாம், ரேசரின் எடையே போதும்.

சிரமமான இடம் உச்சிச் சுழிதான். அங்கே முடி வட்டமாக வளர்வதால், ஒரே பக்கமாக இழுத்தால் பாதி அப்படியே நிற்கும். இடது கை விரலால் தடவிக்கொண்டே, சொரசொரப்பு மாறும் இடமெல்லாம் ரேசரையும் திருப்பி, சின்னச் சின்னதாக இழுக்கிறேன். காதுக்குப் பின்னால் காதை மடக்கிப் பிடிக்கவேண்டும். பிடரிக்குத் தலையை நன்றாகக் குனிந்தால் தோல் மடிப்பு விரிந்துவிடும்.

கடைசியில் ஈரத் தலையில் படிகாரக் கட்டி. எங்கே எரிகிறதோ அங்கே கை அழுத்தியிருக்கிறது என்று அர்த்தம். இதைவிட நல்ல ஆசான் கிடையாது.

மடக்குச் சவரக் கத்தியால் தலையை மழிக்கலாமா என்று கேட்டவருக்கு: கண்ணுக்குத் தெரியாத பின்னந்தலையில் அது வேண்டாம். சேஃப்டி ரேசரில் இருக்கும் தடுப்பு அதில் இல்லை.