பழைய ரேஞ்ச்பைண்டர்ல பேட்டரி எதுக்கு? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பள்ளத்தூர்க்காரன்:
லைக்கா எம்3 பத்தி இங்க எல்லாருக்கும் தெரியும், பைண்டர்ல ரெண்டா தெரியிற பிம்பத்தை ஒட்ட வச்சு போகஸ் பண்ற ரேஞ்ச்பைண்டர் கேமரா, நேரா விஷயத்துக்கு வர்றேன். கானாடுகாத்தான்ல சொந்தத்துல கல்யாணம், வீடு நெறைய கூட்டம், திருப்பூட்டுற (தாலி கட்டுற) நேரம் பாத்து கரண்டு போச்சு, வீடியோக்காரங்க லைட்டெல்லாம் அணைஞ்சிருச்சு, வளவுல (நடு முற்றத்துல) இருந்து வர்ற வெளிச்சம் மட்டும்தான். பைண்டரோட நடுக்கட்டத்துல ரெண்டா தெரிஞ்ச கழுத்துரு (எங்க பக்கத்து தாலி), லென்ஸ் ரிங்கை லேசா திருப்பவும் ஒண்ணோட ஒண்ணு வந்து ஒட்டுச்சு பாருங்க, அது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. 400 பிலிம், லென்ஸ் எஃப் 2, ஷட்டர் 1/30 செகண்டு. 1954-ல வந்த மாடல், பேட்டரியே கிடையாது. 2025-ல வந்த எம் ஈவி1-ல ரேஞ்ச்பைண்டரையே தூக்கிட்டு உள்ள ஸ்கிரீன் வச்சிருக்காங்க. அப்புறம் எம்னு பேரு எதுக்கு? எதையும் சேக்க வேண்டாம், அப்படியே விடுங்க.

தேவகோட்டை தம்பி:
அண்ணே, ஸ்கிரீன் விஷயத்துல நானும் உங்க பக்கம்தான். எதையுமே சேக்கக் கூடாதுன்னா ஒத்துக்க மாட்டேன். எங்க ஆயா ரெண்டாங்கட்டுல கந்தரப்பம் சுட்டுக்கிட்டு இருந்தாக, ஒரே புகை, பின்கதவு வெளிச்சம் மட்டும். எம்6 பைண்டருக்குள்ள ரெண்டு செவப்பு முக்கோணமும் சேந்து எரிஞ்சுச்சு, வெளிச்சம் சரின்னு மீட்டர் சொல்லுது, அமுக்கிட்டேன். ஆயா நெத்தி வேர்வை கூட அப்படியே வந்திருக்கு. 1984-லயே வந்தது இது, பேட்டரி செத்தா மீட்டர் மட்டும்தான் போகும், ஷட்டர் அதுபாட்டுக்கு ஓடும். இதுல என்ன கெட்டுப்போச்சு?

கோட்டையூர் வாசி:
தம்பி சொல்றது எம்6-க்கு சரி. 2002-ல வந்த எம்7-ல ஷட்டரே எலக்ட்ரானிக், பேட்டரி தீந்தா 1/60, 1/125 ரெண்டுதான் மிச்சம். என் அனுபவம் சின்னது: ஆத்தங்குடி டைல் பட்டறைல கண்ணாடி மேல கலர் ஊத்துறதை கூட்டாளியோட கேமரால ஆட்டோ மோடுல எடுத்தேன், கண்ணாடில பட்ட வெயிலை மீட்டர் நம்பிருச்சு, அவரு கை கரியா வந்துச்சு. சரி, எந்த மாடல் வச்சிருந்தாலும் இதைக் கேளுங்க. மூடி போடாம லென்ஸை சூரியனைப் பாத்து தொங்க விடாதீங்க, துணி ஷட்டர்ல ஓட்டை விழுந்துரும். லென்ஸை இன்பினிட்டில (ரொம்ப தூரத்துக்கான கடைசி நிலைல) வச்சு குன்றக்குடி மலைக்கோயிலைப் பாருங்க, ரெண்டு பிம்பமும் ஒட்டலன்னா செட்டிங் நகந்திருக்கு, நீங்களே ஸ்க்ரூடிரைவர் எடுக்காம தெரிஞ்ச ஆள்கிட்ட குடுங்க. தோல் உறைக்குள்ள போட்டு பீரோல பூட்டி வைக்காதீங்க, மழைக்காலத்துல லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சிரும். பிலிம் இல்லாதப்ப கூட ஒரு செகண்டுல இருந்து எல்லா ஸ்பீடும் அப்பப்ப ஓட்டி விடுங்க, இல்லன்னா மெதுவான ஸ்பீடெல்லாம் இழுத்துக்கும்.

பள்ளத்தூர்க்காரன்:
தம்பி, மீட்டரை விட்டுக் குடுக்குறேன். ஷட்டர்ல மட்டும் கரண்டு வேண்டாம், அதுல மாறமாட்டேன். ஆயா படத்தை இங்க போடுங்க, பாப்போம்.